கேட்பதை விட்டால் யார் தேடுவது

"மறுமொழி இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் மனிசர் ஏன் ரீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கினம்?"

ஆசிரியையாக இருந்த என்னிடம் நீர் ஒருநாள் கேட்டது இது. இன்று மதியத்துக்குப் பிறகு உடுப்புக் கூடையோடு நிலவறைக்கு இறங்கிக் கதவைத் திறந்தேன். சவர்க்காரமும் ஈரச் சுவரும் சேர்ந்த அந்தச் சூடான வாசனை முகத்தில் அடித்தது. கூடவே உம்முடைய குரலும் வந்தது. கூடையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

சுவிஸின் ஓல்டன் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடுப்புக் கழுவ ஒரு முறைநாள். எங்கள் இருவருக்கும் செவ்வாய். காலை நீர், மதியத்துக்குப் பிறகு நான். மற்றவர்கள் இயந்திரத்தைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். நாங்கள் அங்கேயே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்துவிடுவோம். மேலே போய் என்ன செய்வது? என் கணவர் இறந்துவிட்டார், மகன் லோசானில். நீர் இந்த நாட்டுக்குத் தனியாக வந்தவர், கடைசிவரை தனியாகவே இருந்தவர். எங்கள் வீடுகளில் இல்லாத சத்தம் அந்த இயந்திரத்திலாவது இருந்தது.

2009ஆம் ஆண்டுக் கோடையில் போர் முடிந்திருந்தது. வன்னியில் இருந்த உம்முடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. விளக்கம் சொல்ல மட்டும் எல்லோரும் இருந்தார்கள். விதி என்றார் ஒருவர். முற்பிறப்பு என்றார் இன்னொருவர். அரசியல் தெரிந்தவர்கள் தாளில் வரைபடம் கீறிக் காட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து உம்முடைய அக்கா, "அந்தியேட்டியைச் செய்து முடி. அவனும் ஆறுவான், நீயும் ஆறுவாய்" என்று தொலைபேசியில் அழுதார். இறந்தவருக்குச் செய்யும் கிரியையை, இறந்தாரா என்றே தெரியாத ஒருவருக்குச் செய்வதா, விடுவதா? உமக்கு நித்திரை இல்லாமல் போனது அதனால்தான்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர் இயந்திரத்தைப் போட்டுவிட்டீர். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவக்கூடாது என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர் எனக்கு முன்பே வந்து நின்றார்.

"இன்று ஞாயிறு. ஏன்?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"நானும் அதைத்தான் கேட்கிறேன், ஏன்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று நீரும் ஜேர்மனிலேயே சொன்னீர்.

அவர் உம்மையும், உள்ளே சுழன்றுகொண்டிருந்த திரைச்சீலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் வெளியே போகாமல் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். "முடியட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

"பாவம் மனிசன். நான் சண்டை பிடிக்கிறனெண்டு நினைச்சிருப்பார்."

"பிடிச்சனீர்தானே?"

"ஓம். ஆரோடையாவது பிடிக்கத்தானே வேணும்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர். நான் என் பழக்கப்படி உதாரணங்களுக்குப் போனேன். நிலா ஏன் கூடவே வருகிறது என்று குழந்தை கேட்பது வியப்பினால். தண்ணீர் எங்கே போனது என்று கிணறு வற்றியவர் கேட்பது தேவையினால்.

"ஐயோ, வகுப்புத் தொடங்கீட்டுது."

"பொறும், இன்னும் ஒண்டு. பல்லு விழுந்த இடத்தை நாக்குத் தடவிக்கொண்டே இருக்கும், கவனிச்சனீரோ? இல்லாததைத்தான் அது தேடும்."

"உங்கடை வகுப்புப் பிள்ளையளுக்குப் பல்லு முளைச்சிடும் ரீச்சர்."

நான் சிரித்துவிட்டேன். நீர் சிரிக்கவில்லை. இயந்திரம் தண்ணீரை வெளியே விட்டு ஓய்ந்தது.

"நான் கேக்கிறதை விட்டால் தம்பியை ஆர் தேடுறது?" என்றீர்.

விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். மறுமொழி கிடைத்ததும் கேள்வியின் வேலை முடிந்துவிடும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஒருவரைக் கைவிடாமல் இருப்பதற்காகவும் மனிதர் கேட்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். தம்பியில் தொடங்கிய கேள்வி தம்பியோடு நிற்கவில்லை. நீர் தாதியாக வேலை செய்த முதியோர் இல்லத்தில், பின்னேரமானால் கையுறையைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கும் ஒரு சுவிஸ் மூதாட்டியைப் பற்றிச் சொன்னீர். அவரைக் கூட்டிப்போக அம்மா வருவாராம்.

"அம்மா செத்துப்போனா எண்டு சொன்னால், அவவுக்கு அம்மா ஒவ்வொரு நாளும் புதுசாச் சாகிறா. அப்ப உண்மை சொல்லுறது நல்லதோ, ரீச்சர்?"

அன்று அதைக் கதைத்துக் கதைத்து என்னுடைய முறையும் போய்விட்டது. அழுக்கு உடுப்பைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் படியேறியதில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அக்கா மறுபடியும் வற்புறுத்தினார். நீர் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனீர். கிரியைக்கு நாள் கேட்கத்தான் போகிறீர் என்று நினைத்தேன். ஐயரிடம் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அர்ச்சனை செய்யச் சொன்னீர். உயிரோடு இருப்பவர்களின் பெயருக்கு அல்லவா அர்ச்சனை செய்வது?

திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்காவின் அழைப்பு வந்தது. "எனக்குத் தெரியாததைத் தெரியுமெண்டு சாமிக்கு முன்னாலை சொல்லேலாது அக்கா. ஓம், விசர்தான். இருக்கட்டும்" என்று வைத்துவிட்டீர்.

நான் விடவில்லை. "அவர் இருக்கிறார் எண்டும் உமக்குத் தெரியாதே?"

"தெரியாதுதான். இது பிழையாப்போனால் ஒரு தேங்காய் போகும். அந்தியேட்டி பிழையாப்போனால்?"

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவருடைய பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அக்காவும் போய்ச் சேர்ந்தார். போன மாரியில் ஆஸ்பத்திரியில் உம்மை உயிரோடு கடைசியாகக் கண்டபோது நீர் ஒன்றைத்தான் கேட்டீர்.

"தம்பியின்ரை நட்சத்திரம் ஞாபகமிருக்கோ?"

"அனுஷம்."

தலையை ஆட்டினீர். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்.

உம்முடைய செவ்வாய்க் காலையை ஓர் இளம் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், வணக்கம் சொல்வார்கள். அவர்கள் அங்கே இருப்பதில்லை. இயந்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். நான் என் முறைக்கு இறங்கிப்போய் இருக்கிறேன். ஏதாவது கேள்வி வருகிறது. பக்கத்தில் திரும்பினால் கதிரைதான் இருக்கிறது. மகனிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்கிறான். அவனுடைய அன்பு அது, குறை சொல்ல மாட்டேன்.

போன கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். உம்முடைய தம்பியைத் தேட இனி வேறு யாரும் இல்லை என்பது பஸ்ஸில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன்.

"ஆரம்மா உங்களுக்கு?" என்று ஐயர் கேட்டார்.

"நான் அவரைக் கண்டதில்லை ஐயா."

ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தம்பி எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, நீர் எங்கே என்றும் கேட்டேன். கற்பூரம் அணையும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

உமக்கு எழுதிய இதை வேறு யாராவது வாசித்தால், அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். மறுமொழி இல்லாத கேள்வி ஒன்றை ஒருவர் உங்களிடம் கேட்டால், விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். அந்தக் கேள்வி எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பாருங்கள்.