பிஸ்கட் டின்னில் வைத்த கூடு

மே 4, திங்கள்
காலையில் பனிமூட்டம், பத்துக்குப் பிறகு வெயில். பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்ள இன்று 14 பேர். அம்மாமார் எல்லாம் மேல்மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க. பால்மா முடிகிறது, கேட்க வேண்டும்.

வேலிக் கொய்யாவில் விரல் தடிப்பில் பச்சைப் புழு. "கிட்ட போகாதீங்க, சொறியும்" என்றேன். போன மாதம் வேலைக்கு வந்த பிரேமா அதைக் கையில் ஏறவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால். பதினோரு வருஷமாக இங்கே மூக்குத் துடைப்பவள் நான்.

மே 11
மழை. புழு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிவிட்டது. பிரேமா போனில் தேடினாள். நிலா அந்துப்பூச்சியாம். இளம்பச்சை இறக்கை, நீள வால்.

"மீச அகலமா சீப்பு மாதிரி இருந்தா ஆம்பள, ஒடுக்கமா இருந்தா பொம்பள. வாய் கெடையாதுங்க அக்கா. சாப்பிடாமலே ஒரு வாரத்துல செத்துரும்."

எனக்குத் தெரிந்த அந்து அரிசி மூட்டையில் இருப்பதுதான்.

கொப்போடு வெட்டி ஜன்னலில் கட்டினாள். "வெளிய வந்ததும் தொங்கணும். அப்பதான் இறக்க விரியும்." சரி, டீச்சரம்மா.

ஜூன் 3
முதுகு வலி. என் மடி இல்லாமல் தூங்காத கிருத்திகா இன்று பிரேமா மடியில். கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூட்டிப்போக வந்த கிருத்திகாவின் அம்மா: "பிரேமா மிஸ்கிட்டதான் போவேன்னு வீட்டுலயும் ஒரே பாட்டுங்க." சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது.

ஜூன் 19, வெள்ளி
காற்று. "பூச்சி எப்ப மிஸ் வரும்?" நாள் முழுக்க இதே. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு கூட்டைக் கொப்பிலிருந்து அறுத்தெடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரியில் வைத்தேன். மூடியில் ஓட்டை போட்டேன். கேட்டால் எலித் தொல்லை என்று சொல்லலாம். உண்மை வேறு. திங்கள் நான் திறந்து காட்ட வேண்டும். "ஆயம்மா காட்டினாங்க" என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, திங்கள்
அடைமழை. திறந்தேன். சுற்றிலும் பிள்ளைகள்.

லீவு நாளிலேயே வெளியே வந்திருக்கிறது. தொங்க இடமில்லை. இறக்கை நான்கும் கசங்கிச் சுருண்டு அப்படியே காய்ந்துவிட்டன. மீசை ஒடுக்கம். பொம்பள.

"ஏன் மிஸ் பறக்கல?" கிருத்திகா.

பிரேமா டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

"குளிரு ஜாஸ்திடா தங்கம். பாவமேன்னு ஆயம்மாதான் உள்ள எடுத்து வச்சாங்க. போ, ஆயம்மாகிட்ட போய் இரு."

கிருத்திகா வந்து என் மடியில் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் ஏங்கியது. அதுவும் பிரேமா கொடுத்துத்தான் கிடைக்கிறது. இதற்கும் எனக்கு எரிகிறது.