எட்டாவது தொட்டி

அன்பு மகன் அன்புச்செல்வனுக்கு அம்மா மீனம்பாள் எழுதுவது. சிங்கவரத்து ரங்கநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், நைனாவின் முழங்கால் தவிர. நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை நம் மாட்டுக்கொட்டகையைத் தோண்டியபோது கூட இருந்தவர்கள்: நான், உன் நைனா, தங்கச்சி தமிழினி, கூலிக்கு வந்த சின்னப்பொண்ணு, பசு ஒன்று, கன்று ஒன்று. இதைப் போனில் சொல்லலாம் என்றால் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தமிழினி காலேஜ் பிராஜெக்டுக்காக வெள்ளைக்காரன் காலத்து மேப் ஒன்றை நகல் வாங்கி வந்தாள். செஞ்சியைச் சுற்றி அப்போது எங்கெங்கே என்ன தொழில் நடந்தது என்று அதில் குறித்திருக்கிறது. அதை நம் கொல்லையின் புலப்படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, ஏழு கன்னிமார் என்று நாம் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற ஏழு செங்கல் கட்டுமானங்களும் அவுரிச் செடியை ஊறவைத்து நீலச்சாயம் எடுத்த தொட்டிகள் என்றாள். மேப்பில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். எட்டு என்றாள். இங்கே ஏழுதான், மேப் தப்பு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். ஆனால் அந்த எட்டு மனசை விட்டுப் போகவில்லை, எண்ணிக்கை உதைத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மேப்படி எட்டாவது இருக்கும் இடம் மாட்டுக்கொட்டகை. நானே தோண்டச் சொன்னேன். இரண்டு முழத்தில் அதே செங்கல், அதே சுண்ணாம்புப் பூச்சு, பூச்சில் நீலக் கறை. பதினெட்டு வருஷமாக அதன்மேல் மாடு கட்டியிருக்கிறோம். உன் நைனா குனிந்து பார்த்துவிட்டு, எட்டாவது கன்னி யாருன்னு ஒங்கம்மாவ கேளு என்று தமிழினியிடம் சொன்னார். சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. இங்க வேண்டிக்கினுதான எம்பொண்ணுக்குக் கொயந்த பொறந்துச்சு, அப்ப அது யாரு குடுத்தது, அக்கா என்று கேட்டாள். அவளுக்குக் காபி கொடுத்தேன்.

மூன்று வருஷம் முன்பு நீ கன்னிமார் இருக்கிற அந்தக் கொல்லையில் வீடு கட்டக் கேட்டபோது, கன்னிமார்மேல் கடக்கால் போட்டால் வம்சம் விளங்காது என்று ஊரார் முன்னால் சொன்னது நான்தான். நீ அந்த வாரமே பெட்டி கட்டினாய். நான் சொன்னது தப்பு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி கன்னிமாரிடமும் சொல்லிவிட்டு, தொட்டிக்கு ஒன்றாக ஏழு செங்கல் எடுத்து வரப்போரம் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டேன். தொட்டியோ என்னவோ, இத்தனை வருஷம் பொங்கல் வாங்கியவர்கள், சும்மா அனுப்ப முடியாது. எட்டாவதிலிருந்து எடுத்த செங்கல்லைக் கழுவி உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கடக்காலில் முதல் கல்லாக நீயே வை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தீர்க்காயுசாக இரு. எப்போது வருகிறாய் என்று சீக்கிரம் பதில் போடு, நைனாவுக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. மீனம்பாள்