தறிமாடத்தில் பாதி அட்டை

ஜூலை 9, 2024

ஆரணியிலிருந்து வேலூர் பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே பயணம். லேபில் பலராமன் அண்ணனின் கிருமியை வளர்த்த தட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன், பட்டு நெய்கிறவர். ஜரிகை அறுத்த கட்டைவிரலில் சீழ் வைத்திருந்தது, நான்தான் ஆராய்ச்சிக்கென்று ஒற்றி எடுத்து வந்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. மருந்து கொல்கிறது என்றால் மருந்து வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் தெரிய வேண்டும். பெரும்பாலான வில்லைகளுக்கு வட்டமே இல்லை. கிருமி ஓரம் வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

என் கைடு சிவப்பிரகாசம் சார் எட்டிப் பார்த்து, "அருமையான ஸ்ட்ரெயின்மா" என்றார். கிருமி வகை அருமையாம்.

ஜூலை 10

அண்ணன் வீட்டுக்குப் போனேன். விரல் மறுபடி வீங்கியிருக்கிறது. இங்கே எல்லாத் தறியிலும் இதே கதைதான். காயம் கசிந்தால் பட்டில் கறை படும், சேலை போச்சு. அதனால் காயம் காய்கிற வரைதான் மாத்திரை. காய்ந்ததும் மிச்ச மாத்திரை அட்டை தறிக்குழிச் சுவர் மாடத்துக்குப் போய்விடும், அடுத்து யார் கை அறுந்தாலும் எடுத்துப் போட்டுக்கொள்ள. அரைகுறையாக அடி வாங்கிப் பிழைத்த கிருமி அடுத்த ஆளிடம் தேறிவிடுகிறது. இதை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்!

இந்த மாத்திரை உங்களுக்குக் கேட்காது அண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சிரித்தார். "சேலய நெஞ்சி முடிச்சி தறிலருந்து அறுத்துட்டு வரேம்மா. ஆவணி முகூர்த்தத்துக்கு மொதலாளி ஜல்தி பண்ணிகினு கீறாரு."

ஜூலை 11

அண்ணனின் மாத்திரை அட்டை எங்கள் மருந்துக் கடையில் வாங்கியது. என் கணவர் கிளமெண்ட் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார். நேற்று, இன்னும் வீரியமானது என்று வேறொன்றும் கொடுத்தாராம். கேட்டேன். "நான் குடுக்கலன்னா எதிர்க்கடைல வாங்கினு போவாங்க. ஊரைத் திருத்தணும்னா திருத்து, என் கடைய ஏன் இழுக்கிற?"

பகலெல்லாம் தட்டில் பார்ப்பதை இவர் சாயங்காலம் கவுண்டரில் வளர்க்கிறார். நான் எதற்குத்தான் படிக்கிறேன்?

ஜூலை 14

சர்ச்சுக்குப் போனோம். அவர் காரில், நான் நடந்து.

ஜூலை 19

சேலை அறுத்தாயிற்று. அண்ணனுக்கு உடம்பு தூக்கிப்போடுகிற காய்ச்சல். கிளமெண்ட்தான் வேலூருக்குக் காரில் கொண்டுபோனார். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்கிறார்கள். ஊசி மருந்து ஏற்றுகிறார்கள்.

ஏன் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை, ஏன் — மரியாதை பார்த்துகினு நின்னேன்.

ஜூலை 22

அண்ணன் போய்விட்டார்.

ஜூலை 25

ரத்தத்தில் வளர்ந்த கிருமியையும் வாங்கி வை என்று சார் போன் செய்தார். ஒரே ஆளின் காயமும் ரத்தமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வமாம், ஆராய்ச்சிப் பேப்பர் நன்றாக நிற்குமாம். அண்ணன் மனைவி சாவித்திரி அக்காவிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் போட்டார். இரண்டு குப்பிகளையும் உறைபெட்டியில் வைத்துப் பூட்டினேன். மனுஷன் போய்விட்டார், அது அங்கே பல வருஷம் உயிரோடு இருக்கும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 6, 2025

பேப்பர் வந்துவிட்டது. லேபில் கேக் வெட்டினார்கள். ஆரணியில் யாரும் படிக்கப்போவதில்லை.

கிளமெண்ட் அந்தச் சாவுக்குப் பிறகு சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதில்லை. அவராகவே நிறுத்திவிட்டார். கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. முதல் தடவையாக ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20

அண்ணன் தறியில் இப்போது சாவித்திரி அக்கா உட்காருகிறார். விரலில் துணி சுற்றியிருந்தது. என்ன ஆச்சு அக்கா என்றேன்.

"ஜரிக அறுத்துடுச்சும்மா. கிளமெண்ட் தம்பி கடைக்குப் போனேன், சீட்டு எடுத்துனு வாங்கக்கான்னாரு. எதுக்குப் பேஜாருன்னு உங்கண்ணன் வெச்சிருந்த பாதி அட்டை மாடத்துல இருந்துச்சு, அதையே போட்டேன். பாரு, காஞ்சிடுச்சு."

மிச்சம் எங்கே அக்கா என்றேன். மாடம் காலி.

"பக்கத்துத் தறில கேட்டாங்க, குடுத்துட்டேன்."

சாப்பிடும்போது கிளமெண்ட் கேட்டார், அக்காவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று. சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பியது மனசில் உறுத்துகிறது போலிருக்கிறது.

காய்ந்துவிட்டது என்றேன்.