அடிப்பக்கம் இல்லாத முக்கோணம்

ஜூன் 12

காலையில் போனால் என் வகுப்பறையையே காணோம். பெஞ்சுகளை வட்டம் வட்டமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை முதுகுக்குப் பின்னால். புதுத் தலைமையாசிரியை (ஓரிடத்தில் நிற்காததால் நாங்கள் வைத்த பெயர் பம்பரம்) சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இனி நீங்க பேசறது பத்து நிமிஷம்தான். மிச்ச நேரம் பிள்ளைங்க பேசட்டும்."

கணக்கு வகுப்பில் பிள்ளைகள் பேசுவதா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜூன் 13

வீட்டில் புலம்பினேன். "சம்பளம் அதேதானே? வாய்க்கு ரெஸ்ட்டு" என்கிறார் கணவர். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் வகுப்பில்தான் படிக்கிறாள், எப்போதும் முதல் மார்க். அவளாவது எனக்குப் பரிந்து பேசியிருக்கலாம்.

ஜூன் 15

பேசாமல் இருந்து இருந்து வாய் வலிக்கிறது.

ஜூன் 19

இன்று நடந்ததை எப்படி எழுத?

ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் பெரிய தாளில் ஒரு முக்கோணம். பரப்பளவு கண்டுபிடிக்க வேண்டும். அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கு — தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தே நிமிஷத்தில் சந்தைக்கடை. "என் பக்கம் இருக்கிறதுதான் அடி." "அப்ப எனக்கு?" ஆளுக்கொரு பக்கம் தாளைத் திருப்பியதில் ஒன்று கிழிந்தே போனது.

மகளின் வட்டம் மட்டும் அமைதி. முக்கோணத்தின் முனை அவளைப் பார்த்திருந்தது. "டீச்சர், இந்தப் படம் தப்பு. இதுக்கு அடிப்பக்கமே இல்ல" என்றாள். முதல் மார்க் வாங்குகிறவள் சொன்னதால் மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பலகையில் நான் போடும் முக்கோணம் எல்லாம் சமர்த்தாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். கீழே இருந்தால்தான் அடிப்பக்கம் என்று இத்தனை பேரும் நினைத்திருக்கிறார்களா? "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று தினமும் ராகம் போட்டது யார் அப்போ?

சாயங்காலம் அவளைக் கேட்டேன். "அப்ப எப்படிடி முழு மார்க் வாங்கின?"

"பரீட்சையில நீ எப்படிக் கேப்பேன்னு எனக்குத் தெரியும்மா."

"புரியலன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"டீச்சர் பொண்ணு அதை எப்படிம்மா சொல்றது?"

ஜூன் 20

பெஞ்சுகளைப் பழையபடி போடச் சொல்லிப் பம்பரத்திடம் சண்டை பிடிக்கப் போனேன். அறை வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. என்ன சொல்லிச் சண்டை போட?

ஜூன் 23

"என்னை வேற செக்ஷன்ல போடச் சொல்லும்மா" என்கிறாள். வட்டத்தில் வாயே திறப்பதில்லை. தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம். பெற்ற பிள்ளைக்கு என் வகுப்பே பயமா? ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 4

என் பத்து நிமிஷத்தில் இணைகரம் நடத்தினேன். பழக்கதோஷத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே ராகம் போட்டது. போட்டு முடித்த பிறகும் ஒரு கை மேலேயே நின்றது. என் மகள்.

"எனக்குப் புரியல டீச்சர்."

அவளிடம் சாக்பீஸை நீட்டினேன். எந்த இடம் என்று அவள் பலகையில் தொட்டுக் காட்டுவதற்குள் இன்னும் பல கைகள்.

வீட்டுக்கு வரும் வழியில், "செக்ஷன் மாத்தக் கேட்டியாம்மா?" என்றாள்.

"இன்னும் கேக்கல."

"கேக்காத."