நான்காவது துறவிக்கான செபம்

அன்புள்ள அக்கா,

இன்று மத்தியானம் தொலைக்காட்சியைப் போட்டேன். பாதியில் விட்ட படங்களின் வரிசையில் அந்த மலைமேல் மடம் இன்னும் நிற்கிறது. அடியில் சிவப்புக் கோடு, நாம் நிறுத்திய இடத்திலேயே.

பழைய காலத்து ஐரோப்பிய மடமொன்றில் துறவிகள் ஒவ்வொருவராய்க் கொல்லப்படும் கதை. நாவலாக வந்ததைப் படமாக்கியிருக்கிறார்கள் என்று மகன் போட்டுத் தந்தான். வெள்ளி தோறும் கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். கண்ணில் படலம் விழுந்திருந்ததால் உங்களுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. அடியில் ஓடும் ஆங்கிலத்தை நான்தான் தமிழில் சொல்லுவேன். அகராதியோடு தனியே இருந்து பழகிய ஆங்கிலம்; பிழை விட்டாலும் நீங்கள் கண்டுகொண்டதில்லை.

முதல் துறவி செத்ததுமே, "நிப்பாட்டும், நிப்பாட்டும்" என்றீர்கள். சிலுவை அடையாளம் போட்டு இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கிவிட்டீர்கள்.

"அக்கா, இது நடிப்பு. அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டை போயிருப்பார்."

"போகட்டும். இப்பிடிச் செத்த ஆரோ ஒருத்தர் எங்கையோ இருந்திருப்பார்தானே? அவருக்குப் போய்ச் சேரும். கையைக் கூப்பும்."

குசினிக்குள்ளிருந்து மகன் சிரித்தான். "அன்ரி, இட்ஸ் ஜஸ்ட் எ மூவி!"

"உமக்கும் சேத்துத்தான் சொல்லுறன், தம்பி!"

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு செபம், பிறகு தேத்தண்ணி. படம் எப்படி நகரும்? மூன்றாவது துறவியோடு விபூதிப் புதன் வந்துவிட்டது.

"தவக்காலத்தில படம் வேண்டாம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கொலைகாரன் எங்கையும் ஓடமாட்டான்" என்றீர்கள்.

அதற்கு முந்திய வாரத்துக் குருத்து ஞாயிற்றுக்கும் முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள். நித்திரையில் இதயம் நின்றுவிட்டது என்று உங்கள் மகள் தொலைபேசியில் சொன்னாள்.

அடக்கத்தன்று கோயில் முழுவதும் உங்களுக்காக அதே செபத்தைச் சொன்னது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கைப் போலவே, செபமாலையில் இறந்தவர் ஒருவரையும் தவறவிடாதவள் நான். உங்கள் பெயரை மட்டும் சேர்க்க முடியவில்லை. சேர்த்தால் நீங்கள் இல்லையென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்று படத்தை ஓடவிட்டேன். பழக்கத்தில் வாய்விட்டே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், நீங்கள் அமரும் வெறுங்கதிரைக்கு. படிக்கட்டின் அடியில் நான்காவது துறவி கிடந்தார். என் கை தானாகவே படத்தை நிறுத்தியது. செபத்தைத் தொடங்கினேன். பெயர் வரவேண்டிய இடத்தில் உங்கள் பெயர் வந்தது.

முழுவதும் சொல்லி முடித்தேன், அக்கா.

மிச்சத்தை வெள்ளிக்கிழமை பார்ப்பேன். கொலைகாரன் செத்தால் அவனுக்கும் படத்தை நிறுத்த வேண்டுமா என்று உங்களிடம் கேட்க நினைத்திருந்தேன். உங்களைத் தெரிந்த எனக்குப் பதிலும் தெரியும்.

நிறுத்துவேன்.