தேன்மொழியின் அன்னாசி எட்டு மாதத்தில் பூத்தது குறித்து

அனுப்புநர்:
அர்ச்சுனன் த/பெ முனியாண்டி, வயது 74,
லாட் 6, ரயில் பாதையோரம்,
லாயாங் லாயாங், ஜொகூர்.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
அன்னாசிச் சிறுதோட்ட உதவித் திட்டம்.

பொருள்: லாட் 7 தேன்மொழி மீது எடுத்த நடவடிக்கையை நீக்கி, என் மீது எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும். செய்த பிழையைப் பொறுக்க வேண்டாம்.

1. தேன்மொழி என் பக்கத்துத் தோட்டக்காரர். மாசாயில் தொழிற்சாலை வேலையை விட்டு வந்து, தங்கள் திட்டத்தில் கன்று வாங்கி மூவாயிரம் அன்னாசி நட்டவர். செடியைப் பூக்க வைக்கும் பூ மருந்தைப் பத்தாம் மாதம் அடிக்கவும் என்று தாங்கள் சொன்னால் பத்தாம் மாதம்தான். ஒரு நாள் முந்த மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைச் சீண்டத் தோன்றியது. சீண்டுவது என் வியாதி. சாவு வீட்டில்கூட நான் சும்மா இருந்ததில்லை.

2. பிப்ரவரியில் அவர் கன்றுகளுக்கு ஆறே மாதம். வேலியோரம் ஒரு நீலப் பீப்பாய் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரை ஓரத்து வரிசைக்கு மட்டும் மொண்டு ஊற்றுவார். அதில் என் பூ மருந்தை ஊற்றினேன். ஒரு வரிசை மட்டும் பூக்கும், "புள்ள வயசுக்கு வந்திருச்சு, தாய்மாமன் சீர் கொண்டாரவா?" என்று கேட்டுச் சிரிக்கலாம் என்பது என் கணக்கு.

3. மறுநாள் அவர் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்தப் பீப்பாயிலேயே யூரியாவைக் கலந்து தோட்டம் முழுக்கத் தெளித்தார். யூரியா சேர்ந்தால் மருந்து இன்னும் நன்றாக ஏறும். அது எனக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். ஊருக்கே ஓயாத வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

4. ஏப்ரலில் மூவாயிரம் செடியும் நடுக்குருத்துச் சிவந்து பூத்தன. செடி வளருமுன் பூத்ததால், ஜூலையில் பழம் என் கைமுட்டி அளவில் நின்றுவிட்டது. பழம் எடுக்க வந்த லாரி வெறுமனே திரும்பியது. தங்கள் அலுவலர் பார்த்துவிட்டு, தேன்மொழி அவசரப்பட்டு மருந்து அடித்ததாக எழுதினார். கண்டதை எழுதினார், அவர் மேல் குறையில்லை.

5. அந்த மாதத் திட்டக் கூட்டத்தில், சேர்த்து வைத்திருந்த சீர் ஜோக்கை எல்லார் முன்னும் அவிழ்த்துவிட்டேன். மண்டபமே சிரித்தது. தேன்மொழியும் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, "நான்தான் எங்கயோ அளவ தப்பா கலந்துட்டேன் போல அங்கிள். என்னாலதான் லா" என்றார். தவறு தன்னுடையது என்று அன்றே எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார். அடுத்த நடவுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது. இப்போது மறுபடி மாசாயில் வேலை தேடுகிறார்.

6. அன்றிலிருந்து காப்பிக்கடையில் நான் பேசுவதில்லை. "என்னடா அர்ச்சுனா, பல்லு வலியா?" என்று தங்கராஜு கேட்கிறான். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

7. செப்டம்பர் முதல் தேதி கன்று கொடுக்கிறீர்கள். அதற்குள் தேன்மொழி எழுதிக் கொடுத்த காகிதத்தை ரத்து செய்து, அவர் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டுகிறேன். என் பெயரை எடுத்துவிட்டு என் பங்குக் கன்றையும் அவருக்கே கொடுக்கவும். இம்மனுவைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கவும். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கும்போது வாசிக்கவும். நானும் வந்து உட்காருவேன்.

8. அனுப்பும் முன் இதை இன்று காலை தேன்மொழியிடம் காட்டினேன். வாசலில் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "எவ்வளவு ஊத்துனீங்கன்னு எழுதலயே. ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே அதையும் எழுதுகிறேன்: அரைப் போத்தலுக்கு மேல் இருக்கும். அளந்து ஊற்றவில்லை.

இடம்: லாயாங் லாயாங்
நாள்: 12.8.2024

தலை குனிந்து ஒப்பமிடுபவன்,
மு. அர்ச்சுனன்