என் பெயரிலிருந்து மட்டும் இரண்டு அம்புக்குறி

கோபத்திலும் அழகான என் அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம். நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மறுபடியும் எழுதப் போகிறேன். போன முறை கோட்டைவிட்டதைத்தான் நீங்களே பார்த்தீர்களே. பாஸானால்தான் கம்பெனியில் என்னை அசெம்பிளி லைனிலிருந்து தரச் சோதனைக்கு மாற்றுவார்கள்.

என்னைப் படுத்தியெடுத்தது ‘சார்பு’ என்ற பாடம். டியூஷன் டீச்சர் நம் தெருக் கடைசி வீட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள். இரண்டு வட்டம், நடுவே அம்புக்குறிகள் என்று எத்தனை தரம் போட்டுக் காட்டினாலும் என் மண்டையில் ஏறவில்லை. “நம்பர விடுங்கக்கா. உங்க வீட்டு ஆளுங்கள வெச்சே ஒண்ணு போடுங்க” என்றாள்.

உடனே நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். யாரிடம் எந்த மொழி என்பதில் உங்களைப் போல் கறாரான ஆளை நான் ஓசூரில் பார்த்ததில்லை. மகனிடம் தெலுங்கு. பால்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் கன்னடம். விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்து உங்கள் மருமகளான என்னிடம் தமிழ். இடது வட்டத்தில் ஆட்களையும் வலது வட்டத்தில் மொழிகளையும் எழுதி, ஆளுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன்.

“இது சார்புக்கா. ரெண்டு பேரு ஒரே மொழிக்குப் போலாம், தப்பில்ல. ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் ஒண்ணு இருக்கணும், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்.”

மாடி வீட்டு அம்மாவை என்ன செய்வது? தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு அவரிடம் நீங்கள் எந்த மொழியிலும் பேசவில்லையே. அவர் பெயரை எழுதினால் அம்புக்குறியே கிடையாது, சார்பும் கிடையாது. டீச்சர் சிரித்துக்கொண்டே அவரை வட்டத்திலிருந்து அழித்தாள். உங்களுக்குப் பரம திருப்தியாக இருந்திருக்கும்.

பிறகு என் பெயரைப் பார்த்தேன். காய்ச்சலோடு ஷிப்டுக்குக் கிளம்பிய என்னை ஒருநாள் வாசலில் மறித்துத் தெலுங்கில் திட்டித் தீர்த்தீர்கள். தட்டை நீட்டி, “தினு” என்றீர்கள், சாப்பிடு என்று. பெற்ற மகனைத் திட்டும் அதே திட்டு. அந்தக் காய்ச்சலிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து எனக்குப் பேச்சு தமிழில், திட்டு தெலுங்கில்.

என் பெயரிலிருந்து இரண்டாவது அம்புக்குறியைப் போட்டேன்.

“போச்சுக்கா, இப்ப சார்பு இல்ல. ஏதாச்சும் ஒண்ண அழிச்சிடுங்க.”

எதை அழிப்பேன் அத்தை? ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். “இது சார்பு இல்லாமலே இருக்கட்டும்மா” என்றேன். ஆனால் பாடம் புரிந்துவிட்டது. இனி எந்தப் படத்தைக் கொடுத்தாலும், ஒன்றிலிருந்து இரண்டு கிளம்புகிறதா, ஒன்றுமே கிளம்பாமல் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நீங்கள் தெலுங்கில் திட்டும்போதெல்லாம் நான் தமிழில்தான் பதில் சொன்னேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று கூச்சம். பாஸான அன்று உங்கள் படத்தின் முன்னால் நின்று அந்தச் செய்தியைத் தெலுங்கில் சொல்வேன். தப்பும் தவறுமாகத்தான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழியிலும் உங்கள் மருமகள்,
செல்வி